முழங்கால் மறைத்த பெயர்

அந்தப் படத்தில் என் கணவருக்கு இருபத்து நான்கு வயது. வவுனியாவில் நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்த காலம். கட்டைக் காற்சட்டையும் முழங்காலுக்குக் கீழ்வரை இழுத்துவிட்ட காலுறையுமாக ஒரு மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். ஏதோ பெரிய வேகத்தில் போகிறவர் மாதிரி முன்னால் குனிந்திருக்கிறார். வண்டி நிற்கிறது என்பது பின்னாலிருக்கும் கிணற்றுக்கட்டையும் அதில் காயும் சாரத் துணியையும் பார்த்தால் யாருக்கும் தெரியும். பெற்றோல் தாங்கியில் கம்பெனியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய முழங்கால் இருக்கிறது.

கலியாணம் பேசிய நேரம் எங்கள் வீட்டுக்கு வந்த படம் அதுதான். வீட்டில் ஒவ்வொருவரும் வாங்கிப் பார்த்தார்கள். அம்மா நிறத்தைப் பார்த்தார். அப்பா படத்தைப் பார்க்கவே இல்லை, வேலை நிரந்தரமா என்று மட்டும் கேட்டார். நான் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னர்தான் அம்மாவின் கடைசித் தம்பி மோட்டார் சைக்கிளில் போய் கொடிகாமத்துக்குக் கிட்ட மாட்டு வண்டியில் அடிபட்டுச் செத்திருந்தார். செத்த வீட்டில் மாமி கத்திய கத்தல் என் காதை விட்டுப் போகாத நாட்கள். குசினிக்குள் அம்மாவிடம் மெல்லச் சொன்னேன். "ஆளைப் பிடிச்சிருக்கு. ஆனா அந்த மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டு வரச் சொல்லுங்கோ."

அம்மா அப்பாவிடம் சொன்னார். அப்பா கலியாணம் பேசி வந்தவரிடம் சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அது அப்பாவின் கட்டளையாகிவிட்டது. அவர் ஒரு மறுப்பும் சொல்லாமல் வண்டியைக் கைமாற்றிவிட்டு, வாடகைக் காரில் வந்து தாலி கட்டினார். அதன் பிறகு இருபது வருடத்துக்கு மேல், மழையில் பஸ்ஸுக்குக் காத்து நின்ற ஒவ்வொரு தடவையும் ஒரு பாட்டுத்தான். "உம்மட அப்பா என்ர மோட்டார் சைக்கிளைப் பறிச்ச மனுசன்." நான் வாயைத் திறக்கவில்லை. தன் தலையில் இப்படிப் பழி விழுந்தது அப்பாவுக்கும் தெரியாது, பாவம், செய்யாத குற்றத்தைச் சுமந்துகொண்டே போய்ச் சேர்ந்தார்.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நாங்கள் அவுஸ்திரேலியாவில், மெல்பேணில் இருந்தோம். அவருக்கு நகரத்தில் ஒரு வரைபடக் கந்தோரில் வேலை. ஊரில் கணிதம் படிப்பித்த எனக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வேலை. கிளென் வேவர்லியில், ரயில் பாதை முடிகிற இடத்திலிருந்து இருபது நிமிட நடையில் ஒரு வாடகை வீடு. பக்கத்துக் காணியில் அப்போதும் ஆப்பிள் மரங்கள் நின்றன. தமிழ் பேச வேண்டுமென்றால் இரண்டு ரயில் மாறிப் போக வேண்டும். பிள்ளைகள் இல்லை. ஆகவே வீட்டில் நானும் அவரும்தான்.

ஒரு குளிர்கால வியாழக்கிழமை காலையில் கந்தோரில் பென்சிலைக் கூராக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூளையில் இரத்தக் கட்டி என்றார்கள். உயிர் தப்பியது. வலக்கையும் வலக்காலும் போயின. பேச்சும் போய்விட்டது. நாங்கள் சொல்வது அவருக்கு விளங்கியது, அது கண்ணில் தெரிந்தது. திருப்பிச் சொல்லத்தான் சொல் வரவில்லை. வாயைத் திறந்து, தேடி, கிடைக்காமல் மூடிக்கொள்வார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைப் பார்த்தேன் என்று சொல்ல எனக்கு இப்போதும் விருப்பமில்லை.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதுகூட இராது. காதில் பெரிய வளையம். நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் அவள் கொண்டுவந்த பட அட்டைகளில் பாண் வாட்டும் டோஸ்டரும் குழந்தைத் தள்ளுவண்டியும் முள்ளுக்கரண்டியும் இருந்தன. கையால் சாப்பிடுகிற, குழந்தை இல்லாத மனுசனுக்கு அதையெல்லாம் காட்டினால் என்ன வரும். அவர் மரியாதைக்கு ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்புவார். வாரம் தவறாமல் வந்தவள் மூன்றாம் கிழமை என்னைத் தனியே கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னாள்.

ஒன்று, அவர் மனதோடு ஒட்டிய சாமான்களின் பெயர்கள்தான் முதலில் திரும்பி வரும், வீட்டிலிருந்து படங்கள் கொண்டு வாருங்கள் என்றாள். மற்றது, அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்றாள். "நாங்கள் கூப்பிட்டால் அவர் திரும்புவதில்லை. எங்களுக்கு அதைச் சரியாகச் சொல்ல வரவில்லை என்று நினைக்கிறேன். நீங்கள் கூப்பிடுவதுதான் அவருக்குப் பழகிய குரல். அடிக்கடி கூப்பிடுங்கள்."

நான் தலையாட்டினேன். அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு தடவைகூட நான் அவருடைய பெயரைச் சொன்னதில்லை. எங்கள் வீடுகளில் பெண்சாதி புருசனின் பெயரைச் சொல்ல மாட்டாள். "இஞ்சருங்கோ" என்பேன், திரும்புவார். பிள்ளை இருந்திருந்தால் பிள்ளையின் பெயரைச் சொல்லி "அவன்ர அப்பா" என்று கூப்பிட்டிருப்பேன், அதற்கும் வழியில்லை. கந்தோர்க் கடுதாசிகளில் எழுதுவேன், எழுதுவதில் பிழையில்லை. வாயால் சொன்னால் புருசனின் ஆயுள் குறையும் என்று அம்மா சொல்லித்தான் என்னை அனுப்பினார்.

கணிதம் படித்த நான் இதை நம்பினேனா என்று கேட்டால், இல்லை. சுகமாக இருந்த காலத்தில் யாராவது சவால் விட்டிருந்தால் சொல்லிக்கூட இருப்பேன். ஆனால் அவர் அப்படிப் படுத்திருந்தபோது, அந்தப் பேச்சு பொய்யா என்று அவருடைய உயிரை வைத்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அந்த ஆஸ்பத்திரியில் அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். நானும் சொல்லவில்லை.

ஆகவே முதல் விஷயத்தைப் பிடித்துக்கொண்டேன். பழைய படங்களை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் கலியாணப் படம், அவருடைய அம்மாவின் படம், வவுனியாக் கந்தோர்ப் படம். எல்லாவற்றையும் போர்வையின் மேல் பரப்பினேன். கலியாணப் படத்தைத் தாண்டிக் கை போனது, எனக்குச் சுரீர் என்றது. இடது கையின் விரல் மோட்டார் சைக்கிள் படத்தில் வந்து நின்றது. தன் முகத்தில் அல்ல, முழங்காலில். அதைத் தட்டினார். வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைக்கும்வரை முயன்றார். ஒன்றும் வரவில்லை. கண்ணால் தண்ணீர் வழிந்தது. முழங்கால் மறைத்திருக்கும் பெயரைத்தான் தேடுகிறார் என்று எனக்கு உடனே விளங்கியது.

எனக்கு அந்தப் பெயர் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் "என்ர மோட்டார் சைக்கிள்" என்று சொல்லிக் கேட்டேனே தவிர, என்ன மோட்டார் சைக்கிள் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சு நீளும், நீண்டால் அதை விற்கச் சொன்னது யார் என்ற இடத்துக்கு வந்து நிற்கும் என்று பயம். அன்றைக்கு என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

ஊரில் அவருடைய தம்பிக்கு ஆகாயத் தபாலில் எழுதினேன். அதில்தான் நான் செய்த முட்டாள்தனம். என் மாமியாருக்கு இருதய வருத்தம். மூத்த மகன் இப்படிக் கிடக்கிறார் என்று கேள்விப்பட்டால் தாங்க மாட்டார். அந்த வீட்டில் கடிதம் வந்தால் எல்லோரும் சுற்றி இருக்க ஒருவர் சத்தமாக வாசிப்பதுதான் வழக்கம். ஆகவே "இங்கு நாங்கள் இருவரும் நல்ல சுகம்" என்று வழமை போலத் தொடங்கி, குளிரைப் பற்றி நாலு வரி எழுதி, கடைசியில் போகிற போக்கில் கேட்பது போல, அண்ணா கலியாணத்துக்கு முன்னர் வைத்திருந்த மோட்டார் சைக்கிள் என்ன பெயர் என்று கேட்டேன்.

பதினாறாம் நாள் பதில் வந்தது. "அண்ணி, இந்த வயதில் அண்ணாவுக்கு மோட்டார் சைக்கிள் ஆசை வந்திட்டுதோ? விடாதையுங்கோ" என்று பகிடி. பிறகு ஒரு பெயர். இரண்டாம் உலக யுத்தம் முடிந்து பட்டாளத்துக்காரர் விட்டுப்போன மோட்டார் சைக்கிள்கள் மலிவாகக் கிடைத்த காலமாம், எல்லோரும் அதைத்தான் வைத்திருந்தார்களாம், அண்ணாவுடையதும் அதுவேதானாம்.

கடிதத்தைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். படத்தை அவர் முன்னால் பிடித்து அந்தப் பெயரைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். மெல்லத் தலையை ஆட்டினார், ஆமென்றா இல்லையென்றா என்று பிடிபடாத ஆட்டம். வியாதிக்காரருக்கு அப்படித்தான், ஆம் இல்லை இரண்டும் மாறிப்போகும் என்று அந்தப் பெண் முன்பே சொல்லியிருந்தாள். ஆகவே நான் ஆமென்று எடுத்துக்கொண்டேன். தொழிற்சாலை முடிந்து தினமும் பின்னேரம் போய் அந்தப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். வாய்ப்பாடு வராத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது மாதிரி, உதட்டைக் காட்டி, துண்டு துண்டாக உடைத்துச் சொன்னேன். முதல் கிழமை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் கிழமை கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாம் கிழமை நான் படத்தை எடுத்ததும் இடது கையால் தட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார்.

படத்தைக் கொஞ்ச நாளைக்கு வைத்துவிடுங்கள், அவர் களைத்துவிட்டார் என்றாள் அந்தப் பெண். பெரிய டொக்டர் வேறு விதமாகச் சொன்னார். இதுவரை வராத பேச்சு இனி வருவது கஷ்டம், அடுத்த மாதம் வேறு இடத்துக்கு மாற்ற யோசிக்கிறோம் என்றார். பேச்சு வராதவர்களைக் கொண்டுபோய் வைக்கும் இடம் அது. ஒரு தடவை பார்த்தேன். வரிசையாகக் கதிரைகள், ஒவ்வொன்றிலும் ஒருவர், எல்லோரும் ஜன்னலைப் பார்த்தபடி. அங்கே தமிழில் ஒரு சொல் சொல்லவும் ஆள் இல்லாமல் அவரும் ஒரு கதிரையில் இருப்பார்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். கணக்கு வராவிட்டால் பிள்ளையை அடிக்கிற வாத்திமார் இருக்கிறார்கள். நான் முதலில் கேள்வியைப் பார்க்கிறவள். கேள்வி சரியா என்று இதில் நான் பார்க்கவே இல்லை. கொழுந்தன் அப்போது கொழும்பில் படித்துக்கொண்டிருந்தவர், அந்த மோட்டார் சைக்கிளை எத்தனை தடவை கண்டிருப்பார்?

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. சேலைக்கு மேல் அவருடைய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு, படத்தைக் கைப்பைக்குள் வைத்து நகரத்துக்குப் போனேன். எலிசபெத் வீதியின் மேல் பாதியில் அப்போது இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள் கடைகள். தூறல். நடைபாதை முழுக்கப் பளபளவென்று ஜப்பான் வண்டிகள் நின்றன. முதல் கடையில் நீளத் தலைமயிர்க்காரன் ஒருவன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, என் சேலையைப் பார்த்துவிட்டு, "விற்கவா வாங்கவா" என்று கேட்டான். இரண்டாவது கடையில் பழையது எதுவும் தெரியாது என்றார்கள். மூன்றாவதில் ஒருவர், இதற்கெல்லாம் பின் சந்தில் ஒரு கிழவன் இருக்கிறான், அவனுக்குத் தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது என்று வழி காட்டிவிட்டார்.

பின் சந்தில் தகரக் கதவு. உள்ளே எண்ணெய் மணம். கழற்றிய என்ஜின்களுக்கு நடுவில் அந்தக் கிழவர் நின்றபடியே இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரம் ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தேவாலயத்துக்குக் காசு சேர்க்க வந்தவள் என்று நினைத்துத் தலையை ஆட்டி மறுத்தார். படத்தை நீட்டினேன். கை எண்ணெய், நான் தொட மாட்டேன், நீங்களே பிடியுங்கள் என்று விளக்கை இழுத்து அதன் மேல் பிடித்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் ஒரு பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். கொழுந்தன் எழுதிய பெயரைச் சொன்னேன்.

"அது இல்லை" என்றார். யோசிக்கவே இல்லை. "அதற்கு சிலிண்டர் நேராக நிற்கும். இதைப் பாருங்கள், முன்னால் சரிந்து கிடக்கிறது. கம்பிச் சட்டம் வர வேண்டிய இடத்தில் என்ஜினையே வைத்துக் கட்டியிருக்கிறான். அப்படிச் செய்தவர்கள் அதிகம் பேர் இல்லை."

மூன்று கிழமை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஒரு பிழையான பெயரை அவர் வாய்க்குள் திணித்திருக்கிறேன். இல்லை இல்லை என்று அவர் தலையாட்டியிருக்கிறார். அங்கேயிருந்த பெட்டியில் உட்கார்ந்துவிட்டேன். கிழவர் என்னைக் கவனிக்கவில்லை. அவர் படத்துக்குள் போயிருந்தார்.

"உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

"ஐந்தடி எட்டு அங்குலம்."

"பெருத்த ஆளா?"

"இல்லை. அந்த நேரம் மெலிவு."

அவர் பென்சிலைப் படத்துக்கு மேல் பிடித்து, என் கணவருடைய முழங்காலிலிருந்து பாதம் வரை அளந்தார். பிறகு அந்த அளவால் சக்கரத்தை அளந்தார். ஆளின் காலை வைத்து வண்டியின் பருமனைக் கணக்குப் பார்த்தார். முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவைக்கு நடுவில் ஒரு சுருள்வில் தெரிகிறது, ஆகவே யுத்தத்துக்கு முந்தியது என்றார். ஒரே சிலிண்டர், ஆனால் மற்றப் பக்கத்தில் சாரத்துக்கு நேரே இன்னொரு புகைக்குழாயின் நுனி தெரிகிறது பாருங்கள் என்று காட்டினார். எத்தனையோ வருடம் பார்த்த படத்தில் நான் அந்தக் குழாயைக் கண்டதே இல்லை. பிறகு, சட்டத்தின் கீழே இரண்டு காதுகளைக் காட்டினார். "இது பக்கத்தில் இன்னொரு ஆள் உட்காரும் பெட்டியைப் பூட்டுகிற இடம். பெட்டியைக் கழற்றிவிட்டுப் படம் எடுத்திருக்கிறார். இந்த வண்டியைத் தனி ஆள் வாங்குவது குறைவு. பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறவன் வாங்குவது."

அப்போது அவருக்குக் கலியாணம் பேசவே தொடங்கவில்லை என்று சொன்னேன். வரப்போகிறவளுக்காக இருக்கும் என்றார் கிழவர், அதில் ஒன்றும் இல்லாத மாதிரி. பிறகு பெயரைச் சொன்னார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு சிறிய தொழிற்சாலையில் செய்தது, அது மூடிக் கொஞ்சக் காலம் ஆகிறது என்றார். பெயரை ஒரு அட்டைத் துண்டில் எழுதித் தந்தார். நன்றி சொல்லி அழுதேன். அவருக்கு என்ன செய்வதென்று தெரியாமல் மிச்சப் பலகாரத்தைத் தின்னத் தொடங்கினார்.

அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை. அவருடைய பெயரை எழுதாமல் இதை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். பின்னேரம் பார்வையாளர் நேரம் தொடங்கியிருந்தது. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். நான் படத்தை வெளியே எடுக்கவில்லை. கட்டிலின் மற்றப் பக்கம் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் என்னை நெருக்கிக்கொண்டு நின்று, அந்தப் பெயரை மட்டும் சொன்னேன்.

கண் திறந்தது. என் வாயைப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னேன். அவருடைய உதடுகள் ஒட்டிப் பிரிந்தன. முதல் பாதி வந்தது. பிறகு மற்றப் பாதியும் இழுபட்டு, கோணலாக, எச்சிலோடு வந்தது. திரும்பவும் சொன்னார். இடது கையால் கட்டில் கம்பியில் தட்டித் தட்டிச் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கூட எழுந்து பார்த்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு அவருடைய குரலைக் கேட்கிறேன். அது மோட்டார் சைக்கிளின் பெயராக இருந்ததில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் சொன்னேன். "இஞ்சருங்கோ. அதை விக்கச் சொன்னது அப்பா இல்லை. நான்தான். எனக்குப் பயமாயிருந்தது."

அவர் என்னை வடிவாகப் பார்த்தார். பாதி வாயால் சிரிப்பு வந்தது. எனக்குத் தெரியும் என்ற சிரிப்பா, இப்போதுதான் தெரிந்த சிரிப்பா என்று கேட்க வழியில்லை. மோட்டார் சைக்கிளின் பெயரையே இன்னொரு தடவை சொல்லி என் கையைப் பிடித்தார்.

பிறகு சொற்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஓம். தேத்தண்ணி. சூடு. போதும். வேறு இடத்துக்கு மாற்றும் பேச்சு நின்றது. அந்தப் பெண் அவரை விட அதிகம் சந்தோசப்பட்டாள். வீட்டுக்கு அனுப்பும் நாள் என்னிடம் திரும்பவும் சொன்னாள். "பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அது முக்கியம்." நான் ஓம் என்றேன். மோட்டார் சைக்கிளின் பெயர் செய்த வேலையைப் பார்த்தவள் நான். அவருடைய சொந்தப் பெயர் இன்னும் எவ்வளவு செய்யும் என்று தெரியாமல் இல்லை. நன்றாகச் சுகம் வந்த பிறகு, ஆயுளைப் பற்றிப் பயம் இல்லாத ஒரு நாளில் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வீட்டில் ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைத்தேன். மூன்றாம் கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நான் குசினியில் பருப்புக் கழுவிக்கொண்டிருக்கும்போது என் பெயர் கேட்டது. முழுதாக, பிழையில்லாமல். அவர் எப்போதும் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டவர், ஆண்களுக்கு அந்தத் தடை இல்லை. ஓடிப்போய் முன்னால் நின்றேன். இன்னொரு தடவை என் பெயரைச் சொன்னார்.

"ஓம், இஞ்சருங்கோ, வந்திட்டன்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சியில் அந்தப் பெண் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு அவருடைய முறைக்காகக் காத்திருப்பாளே, அந்த மாதிரி. என் முறை என்று எனக்கு விளங்கியது. நாக்கு நுனி வரை வந்தது. பருப்புச் சட்டி அடுப்பில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

நாலாம் நாள், வியாழக்கிழமை காலை, பின்வளவில் உடுப்புக் காயப்போட்டுவிட்டு வந்தேன். கதிரையில் இருந்தார். இஞ்சருங்கோ என்றேன். திரும்பவில்லை. கிட்டப் போய் இரண்டு தடவை கூப்பிட்டேன். அப்போதும் இஞ்சருங்கோ என்றுதான் கூப்பிட்டேன்.

மரணச் சான்றிதழ் எழுத வேண்டிய எங்கள் டொக்டர் விடுமுறையில் இருந்தார். வீட்டில் திடீரென்று நடந்ததால் பொலிஸ் வந்தது. நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் ஆளை அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். குளிரான ஒரு அறை, ஒரு கண்ணாடி, அதற்கு அந்தப் பக்கம் அவர். கழுத்துவரை வெள்ளைத் துணி. பக்கத்தில் ஒரு இளம் பொலிஸ்காரன் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். இவர் யார் என்று மெதுவாகக் கேட்டான்.

"என்னுடைய கணவர்."

"பெயர்?"

கைப்பையைத் திறந்து கடவுச்சீட்டை எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. மன்னிக்க வேண்டும், நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்றான். அவசரப்படுத்தவில்லை, காத்துக்கொண்டு நின்றான். நான் கண்ணாடிக்குள் பார்த்தேன். குறைவதற்கு இனி அங்கே ஆயுள் இல்லை.

சொன்னேன். அவருடைய அப்பாவின் பெயரையும் சேர்த்து முழுப் பெயரையும் சொன்னேன். என் குரலில் அது எப்படி இருக்கும் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. கேட்க வேண்டியவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடந்தார்.

பிறகு கொழுந்தனிடமிருந்து கடிதம் வந்தது. "அண்ணா இப்பிடிக் கிடக்கிறார் எண்டு ஒரு சொல் எழுதியிருந்தால் நான் வவுனியாவுக்குப் போய் விசாரிச்செண்டாலும் சரியான பெயரை எழுதியிருப்பனே அண்ணி. பகிடிக்குக் கேக்கிறியள் எண்டு நினைச்சு வாயில வந்ததை எழுதிப்போட்டன்." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு பெயரைக் கண்டுபிடிக்க மழையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். மற்றப் பெயர் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும்.

அன்றைக்கு அந்தப் பொலிஸ்காரன் பாதி எழுதிவிட்டு நிறுத்தினான். பெயர் நீளம், அவனுக்குப் பழக்கமில்லை. தயவுசெய்து இன்னொரு தடவை சொல்ல முடியுமா என்று கேட்டான். சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.